தலைகீழாய்ப் பறக்கும் சிறு விமானம்



டெங்கில் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு விமானம் ஓர் அதிசயப் பொருள் அல்ல. 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்ட நாள் முதல், காலையில் பல் துலக்கும்போதும், மாலையில் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதும் விமானம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள்கூட இப்போது அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆனால், அந்த விமானங்களில் ஒன்று சட்டென்று புரண்டு, வயிறு வானத்தைப் பார்க்க, முதுகு தரையைப் பார்க்க, மல்லாந்து பறந்தால் எப்படி இருக்கும்? வேலை வெட்டியைப் போட்டுவிட்டு ஊரே திடலில் கூடிவிடும் அல்லவா?

பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் அப்படிப் பறக்காது, பறக்கவும் கூடாது. அப்படிப் பறப்பதற்கென்றே ஒரு சிறு விமானம் இருக்கிறது. இறக்கையின் நீளம் ஒன்றரை மீட்டர், எடை இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆள் யாரும் இல்லை. விமானி தரையில் நிற்கிறார். அவர் கையில் ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு சிறு குச்சிகள். குச்சியை அவர் அசைக்க அசைக்க, விமானம் குட்டிக்கரணம் போடுகிறது, உருள்கிறது, மல்லாந்து போகிறது, அந்தரத்தில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கவும் செய்கிறது. இதைத்தான் வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானம் என்கிறோம்.

பார்ப்பவர்கள், "எவ்வளவு துணிச்சல்!" என்பார்கள். உண்மையில் இதில் துணிச்சலுக்கு வேலை மிகக் குறைவு. ஏன் விழவில்லை என்பதைத் தெரிந்துகொண்டவர்தான் விமானத்தை மல்லாத்த முடியும். அந்தக் காரணத்தைத்தான் இன்றைக்கு நாம் தெரிந்துகொள்ளப் போகிறோம். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு மேசை விசிறி, ஓர் அட்டை, இரண்டு காகிதம், இவை போதும்.

முதலில் விசிறியைப் போடுங்கள். நோட்டுப் புத்தகத்தின் அட்டை போன்ற ஒரு கனத்த அட்டையை அதன் எதிரே பிடியுங்கள். அட்டை படுக்கை வாட்டத்தில், காற்றுக்கு நேராக இருந்தால் ஒன்றும் ஆகாது. முன் விளிம்பைச் சற்றே உயர்த்துங்கள். அட்டை மேலே எழும்பப் பார்க்கிறது அல்லவா? அட்டை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று அட்டையை மேலே தள்ளுகிறது. விமானத்தின் இறக்கை செய்யும் வேலை இதுதான். விசிறிக்குப் பதிலாக, விமானம் தானே முன்னோக்கி ஓடி அந்தக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது.

இப்போது முன் விளிம்பை மேலும் மேலும் உயர்த்துங்கள். ஓர் அளவுக்கு மேல் போனதும், மேலே எழும்பும் சக்தி குறைந்து, அட்டை வெறுமனே பின்னுக்குத் தள்ளப்படும். சாதாரணமாக ஒரு விமான இறக்கைக்கு அந்த எல்லை ஏறக்குறைய 15 பாகை. அதைத் தாண்டினால் இறக்கையின் மேற்புறத்தில் ஒட்டிப் போகும் காற்று விலகிக் குழம்பிவிடும்; தூக்கும் சக்தி சரிந்துவிடும். மூக்கை அதிகமாகத் தூக்கியதால் விழுந்த விமானங்கள் உலகத்தில் ஏராளம். இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, அட்டையை அப்படியே புரட்டிப் பிடியுங்கள். அடிப்பக்கம் மேலே வந்துவிட்டது. முன் விளிம்பைச் சற்றே உயர்த்துங்கள். மறுபடியும் மேலே எழும்புகிறது! காற்றுக்கு எது முதுகு, எது வயிறு என்று தெரியாது. எந்தச் சாய்வில் வருகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. தலைகீழாய்ப் பறப்பதன் இரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

பயணிகள் விமானத்தின் இறக்கை மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே மாதிரி வளைந்திருக்காது. நிமிர்ந்து பறப்பதற்கென்றே அது செய்யப்பட்டது. சாகச விமானத்தின் இறக்கையோ மேலும் கீழும் ஒரே அளவு வளைந்திருக்கும். நிமிர்ந்தாலும் மல்லாந்தாலும் அதற்கு ஒன்றுதான். மல்லாந்தபோது மூக்கைச் சற்று வானத்தின் பக்கம் தள்ளிக் கொடுத்தால் போதும், கீழே விழாது.

சரி, அந்த மூக்கை யார் தள்ளுவது? அதற்காக விமானத்தில் மூன்று வகை மடக்குத் தட்டுகள் உண்டு. இறக்கைகளின் பின் விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக இருப்பவை ஏலரான். வலது ஏலரான் மேலே மடங்கினால் இடது ஏலரான் கீழே மடங்கும். விமானம் வலது பக்கம் உருளும். வாலில் படுக்கையாக இருப்பது எலிவேட்டர். அது மேலே மடங்கினால் வால் தாழும், மூக்கு உயரும். வாலில் நிமிர்ந்து நிற்பது சுக்கான். படகின் சுக்கானைப் போல அது மூக்கை இடமும் வலமும் திருப்பும். இவற்றோடு மோட்டாரின் வேகத்தையும் சேர்த்தால் மொத்தம் நான்கு கட்டுப்பாடுகள். இரண்டு குச்சிகள், ஒவ்வொன்றும் மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் அசையும். ஆக நான்கு வேலைகளும் இரண்டு கட்டைவிரல்களில் அடங்கிவிடுகின்றன.

இனி, இரண்டு காகிதங்களை எடுத்துக்கொள்வோம். இன்றிரவே பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். நாம் எல்லாரும் சின்ன வயதில் செய்த, மூக்குக் கூரான காகித விமானமே போதும். அதை முதலில் மெதுவாக விடுங்கள். மூக்குக் குத்தி விழுந்தால், இறக்கைகளின் பின் விளிம்பை இரண்டு பக்கமும் மிகச் சிறிதளவு மேலே மடக்குங்கள். இப்போது நேராகப் போகும். பின்பு அந்த மடிப்பை அரை விரற்கடை அளவுக்கு அதிகமாக்கி, வெளியே போய், பலமாக வீசுங்கள். அது மேலே ஏறி, பின்னால் வளைந்து, ஒரு குட்டிக்கரணம் போடும். நாம் மடக்கியதுதான் எலிவேட்டர். அடுத்த விமானத்தில் வலது விளிம்பை மேலேயும் இடது விளிம்பைக் கீழேயும் மடக்கி வீசுங்கள். அது வலது பக்கமாக உருண்டுகொண்டே போகும். அதுதான் ஏலரான். யார் முகத்துக்கும் நேராக வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதமானாலும் கூர்மூக்குக் கண்ணைக் குத்திவிடும்.

காகித விமானத்தில் மடிப்பை ஒரு முறை செய்துவிட்டால் அதை நடுவானில் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தால் அதுதான் வானொலி விமானம். அங்கே அந்த வேலையைச் செய்வது வானொலி அலை. நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் இந்தக் குரல் எந்த அலையில் ஏறி வருகிறதோ, அதே இனத்து அலைதான். பெட்டியிலுள்ள குச்சியை அசைத்தால் அதற்கேற்ற கட்டளை அலையாகப் போகிறது. விமானத்துக்குள் ஒரு சிறு வாங்கி அதைப் பெற்று, சர்வோ என்னும் குட்டி மோட்டாருக்குச் சொல்கிறது. அந்தச் சர்வோ ஒரு கம்பியைத் தள்ளித் தட்டை மடக்குகிறது. வழக்கமான சர்வோவுக்கு இந்தக் கட்டளை வினாடிக்கு ஏறக்குறைய 50 முறை வருகிறது. விரல் அசைவதற்கும் விமானம் அசைவதற்கும் இடையே தாமதமே தெரிவதில்லை.

இந்தக் கலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1898இல் நிக்கோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி நியூயார்க்கில், வானொலி அலையால் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அதை மாயவித்தை என்றே எண்ணினார்கள். 1937இல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் வானொலியால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள். 'கஃப்' என்று பெயரிடப்பட்ட அவர்களுடைய விமானம் இன்று வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. 1960இல் சுவிட்சர்லாந்தில், சூரிக் நகருக்குப் பக்கத்தில், வானொலி விமானச் சாகசத்துக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. அமெரிக்கரான எட் கஸ்மிர்ஸ்கி வென்றார்.

ஆள் ஏறிய விமானத்தில் குட்டிக்கரணம் போட்ட கதை அதற்கும் முந்தியது. 1913ஆம் ஆண்டு செப்டம்பரில், கீவ் நகரில், பியோத்தர் நெஸ்தெரோவ் என்ற ரஷ்ய இராணுவ விமானி முதன்முதலாக அதைச் செய்தார். அவருக்குக் கிடைத்த முதல் பரிசு என்ன தெரியுமா? அரசாங்கச் சொத்தை ஆபத்துக்குள்ளாக்கினார் என்று தண்டனை! பிறகுதான் பாராட்டும் பதவி உயர்வும் வந்தன. நெஸ்தெரோவ் கணக்கில் தேர்ந்தவர். விமானம் எந்த நிலையிலும் காற்றைத் துணையாகக் கொள்ள முடியும் என்று முன்பே நம்பி, எண்ணிப் பார்த்த பிறகே அதைச் செய்தார். நம் நாட்டிலும் 1991 முதல் லங்காவியில் நடந்துவரும் லீமா வான் கண்காட்சிக்குப் போனவர்கள், அரச மலேசிய ஆகாயப் படையின் 'கிரிஸ் சக்தி' குழு இத்தகைய வித்தைகளைச் செய்வதைப் பார்த்திருக்கலாம்.

இப்போது மாதிரி விமானத்தின் வித்தைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது குட்டிக்கரணம். கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீரை எடுத்து, கையை நீட்டி வேகமாகச் சுழற்றினால், வாளி தலைகீழாக வரும்போதும் தண்ணீர் கொட்டுவதில்லை. தண்ணீர் விழுவதற்குள் வாளி அதைவிட வேகமாக வளைந்து வந்துவிடுகிறது. வேகம் குறைந்தால் தலையில்தான் கொட்டும். விமானமும் அப்படித்தான். மேலே ஏறும்போது வேகம் குறையும். ஆகவே மோட்டாருக்கு வேகம் கொடுக்கவேண்டும். இறங்கும்போது வேகம் தானே கூடும், ஆகவே குறைக்கவேண்டும். இதைச் சரியாகச் செய்தால்தான் வட்டம் வட்டமாக இருக்கும். இல்லாவிட்டால் முட்டையாகிவிடும்.

இரண்டாவது உருளல். போகிற திசை மாறாமல், நீளவாக்கில் உருண்டு வருவது. பார்க்க எளிது, செய்யக் கடினம். உருளும்போது ஒரு கணம் இறக்கை செங்குத்தாக நிற்கும். அப்போது இறக்கை தூக்காது. சுக்கானால் மூக்கைத் தாங்கவேண்டும். அடுத்த கணம் மல்லாந்திருக்கும். அப்போது எலிவேட்டரால் மூக்கைத் தள்ளவேண்டும். ஒரே உருளலில் இரண்டு கட்டைவிரல்களும் மாறி மாறி வேலை செய்யவேண்டும்.

மூன்றாவது ஒருக்களித்துப் பறத்தல். நாம் பாயில் ஒருக்களித்துப் படுப்பதுபோல, ஒரு இறக்கை தரையையும் மற்றது வானத்தையும் காட்ட, விமானம் நேராகப் போகும். அப்போது விமானத்தைத் தாங்குவது இறக்கை அல்ல. சற்று மேல் நோக்கிச் சாய்ந்த அதன் உடம்புப் பகுதியே. அதனால்தான் சாகச விமானங்களின் உடம்பு பக்கவாட்டில் அகலமாக இருக்கிறது.

நான்காவது நின்று திரும்புதல். செங்குத்தாக ஏறி, வேகமெல்லாம் தீர்ந்து நிற்கப்போகும் நேரத்தில் சுக்கானைத் தட்டினால், விமானம் பக்கவாட்டில் திரும்பி, ஏறிய வழியிலேயே இறங்கும்.

ஐந்தாவது சுழன்று விழுதல். இறக்கையின் 15 பாகை எல்லையைப் பற்றி முன்னே சொன்னோம் அல்லவா? வேண்டுமென்றே அந்த எல்லையைத் தாண்டி, சுக்கானையும் ஒரு பக்கம் தள்ளினால், விமானம் உதிர்ந்த இலைபோலச் சுழன்றுகொண்டே இறங்கும். பார்ப்பவர்கள் போய்விட்டது என்று கைகளை உதறுவார்கள். விமானியோ சுற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பார். வேண்டிய சுற்று முடிந்ததும் எதிர்ப்பக்கச் சுக்கானைக் கொடுத்து, மூக்கைத் தாழ்த்தி, காற்றை மறுபடியும் இறக்கையில் ஒட்டவைத்து மீட்டுவிடுவார். அறியாதவனைக் கொல்லும் அதே விழுதல், அறிந்தவனுக்கு வித்தையாகிறது.

அந்தரத்தில் நிற்பது ஆறாவது. விமானத்தின் எடை இரண்டு கிலோ என்றால், அதன் உந்து விசிறி இரண்டு கிலோவுக்கு மேல் இழுக்கவேண்டும். அப்போது இறக்கையே தேவையில்லை. விமானம் விசிறியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும்.

முன்பு இந்த விசிறியைச் சுழற்றியது சிறு எந்திரம். அதற்கு மெத்தனாலோடு ஆமணக்கெண்ணெயைக் கலந்து ஊற்றுவார்கள். ஆம், நம் வீட்டுப் பெரியவர்கள் பேதிக்குக் கொடுத்த அதே எண்ணெய்தான்! எந்திரத்தின் கடும் சூட்டிலும் அது வழவழப்பை இழப்பதில்லை. இப்போது பெரும்பாலோர் மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் பயன்படுத்துகிறார்கள். சத்தம் குறைவு, புகை இல்லை. ஆனால் இந்தப் பேட்டரியிடம் மரியாதையாக நடந்துகொள்ளவேண்டும். உப்பிப்போன பேட்டரியையும் அடிபட்ட பேட்டரியையும் மின்னேற்றக்கூடாது. மின்னேற்ற வைத்துவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. தீப்பிடித்தால் எளிதில் அணையாது.

முன்னாளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் பெட்டியைத் திறந்துவிட்டால், ஒருவர் கட்டளை மற்றவர் விமானத்துக்குப் போய், விமானம் தரையில் மோதும். ஆகவே பல திடல்களில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒன்றாகத் துணிக் கிளிப்பு மாட்டியிருப்பார்கள். கிளிப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பெட்டியைத் திறக்கலாம். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் தம்முடைய வாங்கியோடு முன்பே இணைக்கப்பட்டு, அதனோடு மட்டுமே பேசுகின்றன. அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

தீராத தொல்லை ஒன்று உண்டு. அது விமானியின் மண்டைக்குள் இருப்பது. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் வலது நமக்கும் வலது. அதுவே நம்மை நோக்கித் திரும்பி வந்தால், அதன் வலது நமக்கு இடது. எதிரே நிற்பவரோடு கைகுலுக்கும்போது அவர் வலக்கை நமக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பழகாதவர் இந்த இடத்தில்தான் விமானத்தை உடைக்கிறார். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது, எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளவேண்டும். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. அது நிமிர்ந்துவிடும். மல்லாந்து பறக்கும்போதோ எலிவேட்டரும் தலைகீழாகிவிடும். மேலே போகக் குச்சியை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளவேண்டும். பயத்தில் பழைய பழக்கப்படி இழுத்தால், விமானம் நேராகத் தரைக்குள் போகும்.

ஆகவே பயிற்சிக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கணினியில் பழகும் பயிற்சி. அங்கே நூறு முறை உடைந்தாலும் செலவில்லை. பிறகு, இறக்கை உடம்பின் மேலே அமைந்த, தானாகவே நிமிரும் தன்மையுள்ள பயிற்சி விமானம். பக்கத்தில் பழகியவர் ஒருவர் நிற்கவேண்டும். இரண்டு பெட்டிகளை இணைத்து, பழகுபவர் தடுமாறினால் ஆசிரியர் வாங்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஏற்றம், திருப்பம், இறக்கம் எல்லாம் கைவந்த பிறகே குட்டிக்கரணம். புதிதாக ஒன்றைப் பழகும்போது மூன்று தவறு செய்தாலும் மீளக்கூடிய உயரத்தில் பழகு என்பது இத்துறையில் பழகியவர்கள் சொல்லும் கணக்கு.

பால்வெட்டிய கைகளுக்கு இது விளங்கும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் வராது. அந்த நூலிழை அளவு கைக்கு எப்படி வந்தது? விடியற்காலையில் எழுந்து, ஆயிரக்கணக்கான மரங்களில் வெட்டிய பிறகு வந்தது. குச்சியை எவ்வளவு அசைக்கவேண்டும் என்பதும் அப்படித்தான் வரும்.

உலகப் போட்டியில் இதைத்தான் அளக்கிறார்கள். அங்கே விமானத்தின் நீளமும் இறக்கையின் அகலமும் 2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. எடை 5 கிலோவுக்கு உட்பட்டிருக்கவேண்டும். விமானிக்கு எதிரே ஏறக்குறைய 150 மீட்டர் தூரத்தில், வரையறுத்த ஒரு வான்பரப்புக்குள் எல்லா வித்தைகளும் நடக்கவேண்டும். நடுவர்கள் ஒவ்வொரு வித்தைக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். வட்டம் வட்டமாக இருந்ததா, கோடு கோடாக இருந்ததா என்பதே கேள்வி. அபாயத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

அபாயத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு கிலோ விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பதின்மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து, இரண்டு கிலோ கல் விழுந்ததற்குச் சமம். விசிறியோ விரலைத் துண்டாக்கிவிடும். ஆகவே வீடுகளுக்கு மேலும், பிள்ளைகள் விளையாடும் திடலிலும், சாலை அருகிலும், மின்கம்பிக்குப் பக்கத்திலும் பறக்கவிடக்கூடாது. பார்ப்பவர்கள் விமானிக்குப் பின்னால் நிற்கவேண்டும்.

டெங்கில்காரர்களுக்கு இன்னொரு விதியும் முக்கியம். 2016ஆம் ஆண்டு சிவில் வான்போக்குவரத்து விதிகளின்படி, விமான நிலையத்தைச் சார்ந்த கட்டுப்பாட்டு வான்வெளியிலும், 400 அடிக்கு மேலும், அனுமதியின்றி ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடக்கூடாது. ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் அரசாங்க நகரமான புத்ராஜெயா. ஆகவே, மலேசிய சிவில் வான்போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டறிந்து, அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே பறக்கவிடவேண்டும். "சின்னப் பொம்மைதானே" என்று எண்ணவேண்டாம். மேலே போகும் விமானத்தில் நூற்றுக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன.

இவ்வளவும் கேட்ட ஒரு தாயார், "இதெல்லாம் காசு உள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐயா, நமக்கு எதற்கு?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். போட்டி விமானங்களின் விலை பல ஆயிரம் ரிங்கிட். கடன் வாங்கியோ, சீட்டுப் பணத்தை எடுத்தோ இதை வாங்கித் தாருங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் "நமக்கு எதற்கு" என்ற சொல்லை மட்டும் சற்றுத் தள்ளி வைப்போம்.

சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1950களில் அங்கே விமானப் பொறியியல் படிக்க இராமேசுவரத்து மாணவர் ஒருவருக்கு இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு வழியில்லை. அவருடைய அக்காள் தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அதே கல்லூரியில் பின்னாளில் மாணவர்கள் 'தக்‌ஷா' என்ற ஆளில்லா விமானக் குழுவாக உழைத்தார்கள். மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவதில் நெடுநாள் ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார் 2018இல் அவர்களுக்கு ஆலோசகராகச் சேர்ந்தார். நம் நாட்டில் படமாக்கிய 2007ஆம் ஆண்டு 'பில்லா'வில் நாம் பார்த்த அதே அஜித்குமார்தான். பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர் அவர். பழகிப் பெற்ற அறிவைக் கொண்டு பொறியியல் மாணவர்களோடு உட்கார்ந்தார். அந்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த, மருத்துவ உதவி கொண்டுசெல்லும் ஆளில்லா விமானப் போட்டியில் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது.

பொழுதுபோக்காகக் கற்ற வித்தை இப்படி வேலைக்கும் வருகிறது. இன்று நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலேயே நிலத்தை அளக்கவும், மருந்து தெளிக்கவும் ஆளில்லா விமானங்கள் வந்துவிட்டன. மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து தெளித்த தாய்மார்களின் பிள்ளைகள், அந்த விமானத்தை இயக்கும் இடத்தில் நிற்கவேண்டாமா? அந்த வேலைக்குப் பயிற்சியும் திறன் சான்றிதழும் வேண்டும். கணிதமும் அறிவியலும் வேண்டும். அதற்கான ஆசை இப்போதே, காகித விமானத்தில் தொடங்கலாம்.

டெங்கிலுக்கு இதில் தனிப் பாத்தியதை உண்டு. புத்ராஜெயா எழுந்துள்ள மண்ணில் முன்பு இருந்தது பெராங் பெசார் தோட்டம். உலகமெங்கும் ரப்பர் பயிரிடுவோர் அறிந்த பி.பி. 86 என்ற மரவகையில், பி.பி. என்பது பெராங் பெசாரையே குறிக்கும். 1990களில் நகரம் வந்தபோது, அந்தத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த நம் குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. மண் கைமாறிவிட்டது. ஆனால் அறிவு அப்படிக் கைமாறிப் போவதில்லை, கற்றவரிடமே தங்கும். தலைக்கு மேல் போகும் விமானம் ஏன் விழாமல் போகிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த வானம் அந்நிய இடமல்ல.

ஆகவே நேயர்களே, நாளைக்கு உங்கள் பிள்ளை நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து விமானம் செய்தால், உடனே அதட்டிவிடாதீர்கள். "பின் விளிம்பை மேலே மடக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால், இருவருமாக வாசலுக்குப் போய் வீசிப் பாருங்கள்.